மர்சலின் டீச்சரின் அடுப்பு மேடை

மர்சலின் டீச்சரைக் குள்ளம் என்று யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்களும் இல்லை. சாந்தோம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். அங்கே பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘அரை டிக்கெட்’. அது அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரியே வகுப்புக்குள் வந்து, சத்தம் போட்டவனை எழுப்பி, பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார். கடுகு சிறுத்தாலும் காரம் குறையுமா?

கரும்பலகையின் மேல்பாதியை அவர் தொட்டதே கிடையாது. கணக்கு நீண்டுகொண்டே போனால் கீழ்ப்பாதியை அழித்துவிட்டு, மறுபடியும் கீழ்ப்பாதியிலேயே எழுதுவார். பாஸ் பண்ணியவர்கள் பண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவருடைய கஷ்டமெல்லாம் சமையலறையில்தான். வாழ்க்கைப்பட்ட குடும்பம் அப்படி. கணவர் பவுல்சாமி துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நிமிர்ந்து நின்றால் டியூப் லைட்டைத் துடைத்துவிடலாம். அவருடைய அம்மா, அக்கா ஜசிந்தா, எல்லாருமே பனைமரங்கள். கல்யாணமாகி வந்த அன்றைக்கு மணப்பெண் கையால் பால் காய்ச்ச வேண்டும் என்று அடுப்பு மேடைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மேடை அவர் நெஞ்சுக்கு வந்தது. அதற்கு மேலே அடுப்பு, அதற்கு மேலே பாத்திரம். பாத்திரத்தின் வெளிப்பக்கம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. “பொங்கிடுச்சு, பொங்கிடுச்சு!” என்று பின்னால் நின்ற ஜசிந்தா கத்தினாள். எல்லாரும் கைதட்டினார்கள். தான் காய்ச்சிய பால் பொங்கியது, அது பாத்திரத்தின் வெளியே வழிந்து இறங்கிய பிறகுதான் மர்சலினுக்குத் தெரிந்தது.

அவமானம் என்று அதைச் சொல்ல முடியாது. யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு மனசில் விழுந்த ஒரு சின்ன முள் அங்கேயே கிடந்தது.

அடுத்த வாரமே பள்ளிக்கூடத்தில் உடைந்துபோன பெஞ்சிலிருந்து ஆசாரியிடம் ஒரு பலகை அறுத்து வாங்கிக்கொண்டு வந்தார். அடியில் உயரமாக இரண்டு கட்டைகள் அடித்துக் கொடுத்தார் ஆசாரி. அந்தப் பலகையை அடுப்புக்கு முன்னால் போட்டு ஏறி நின்றுதான் மாமியார் காலத்துச் சமையலும், மகன் எரிக்குக்குச் சோறு ஊட்டிய காலத்துச் சமையலும், ஓய்வு பெற்ற பிறகு செய்த சமையலும் நடந்தன. பலகை நடுவில் தேய்ந்து, அவருடைய பாதத்துக்குச் செருப்பு மாதிரி ஆகிவிட்டது.

பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் புது வீடு கட்டுவது என்று முடிவானபோது பவுல்சாமி வீட்டில் ஒவ்வொருவரையும் என்ன வேண்டும் என்று கேட்டார். அவருக்கு மாடியில் ஒரு பால்கனி. அங்கிருந்து கடல் ஒரு கீற்றாவது தெரிய வேண்டும். கப்பலில் வேலை செய்யும் எரிக், நடுக்கடலிலிருந்து போனில், எல்லாச் சுவரிலும் பிளக் பாயிண்ட் வேண்டும் என்றான். மருமகள் ரெனிட்டாவுக்கு நல்ல வெளிச்சமுள்ள சமையலறை.

“உனக்கு?” என்றார் மனைவியிடம்.

“என் வீட்டுல நான் தரையில நின்னு சமைக்கணும்” என்றார் டீச்சர். “மேடை என் உயரத்துக்கு இருக்கணும். வேற ஒண்ணும் வேணாம்.”

இதைக் கேட்டு ரெனிட்டா கொஞ்சம் தயங்கினாள். பாவம், அவள் கல்லூரியில் பேஸ்கட்பால் ஆடியவள். குடும்பத்துக்கு ஏற்ற உயரம். “அத்தை, ரொம்பத் தாழ்வா வெச்சா எனக்கு முதுகு போயிடும். நடுவாந்தரமா வெச்சுக்கலாமா?”

“நடுவாந்தரம்னா ரெண்டு பேருக்கும் கஷ்டம்மா” என்றார் டீச்சர். கணக்கு டீச்சர் அல்லவா, சராசரியைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். ரெனிட்டா அதற்கு மேல் பேசவில்லை. பேசாமல் இருந்ததை டீச்சர் மனசில் குறித்துக்கொண்டார்.

வீட்டைக் கட்டிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள்? சுவர் எழும்புகிறவரை எல்லாம் கண்ணுக்கு முன்னால் கிடுகிடுவென்று வளர்கிறது. கூரை போட்டாயிற்று, பூச்சு முடிந்தாயிற்று என்றதும் மேஸ்திரி முனிரத்தினம் வெற்றிலை போட்ட வாயால், “அவ்ளோதான் சார், இனிமே பினிஷிங்தான்” என்றார். இந்த ‘பினிஷிங்’ என்ற வார்த்தையை நம்பி ஏமாந்தவர்களைச் சேர்த்தால் மயிலாப்பூர் தேரையே இழுக்கலாம். மழையில் கதவுகள் ஊதிக்கொண்டு சாத்த மறுத்தன. பட்டி பார்த்த சுவரை எலெக்ட்ரீஷியன் வந்து உடைத்தான். அவன் உடைத்ததைப் பூச வந்தவன் புதுத் தரையில் சிமெண்ட் கொட்டினான். வாசலில் மேஸ்திரி கட்டிய திருஷ்டி பொம்மையும், பவுல்சாமி மாட்டிய அந்தோனியார் படமும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எந்தச் சண்டையும் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

மேடைக்கு அளவு எடுக்க முனிரத்தினம் மந்தைவெளியில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கே வந்தார். டீச்சர் அடுப்பில் மீன் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், நீங்க எப்பவும் எப்டி நிப்பீங்களோ அப்டியே நில்லுங்க. முழங்கைய மடக்குங்க. அதுக்கு ஒரு சாண் கீழ மேடை வந்தா கை நோவாது” என்று டேப்பை இழுத்துத் தரையில் ஊன்றினார். “ஆங்… வந்து…”

“நம்பரைச் சொல்லாதீங்க மேஸ்திரி” என்றார் டீச்சர் சட்டென்று. “எழுதிக்கங்க, போதும்.”

உலகத்தில் உள்ள எல்லா நீள அகலங்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷிக்குத் தன்னுடைய உயரம் மட்டும் காதில் விழக்கூடாது. பள்ளிக்கூடத்தில் மருத்துவப் பரிசோதனை நடந்தபோதுகூட உயரம் எடுக்கும் சுவருக்குப் பக்கத்தில் போகாமல், “எழுதிக்கங்க டாக்டர், சுமாரா” என்று சொல்லிவிட்டு வந்தவர். முனிரத்தினம் சிரித்துக்கொண்டே காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டார்.

கிரானைட் கல் வருவதற்கு முன்னால் டீச்சருக்குக் கண்ணில் புரை அறுவை சிகிச்சை நடந்தது. தூசி இருக்கும் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தினமும் போய் நின்று மேற்பார்வை பார்த்தவர், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். பவுல்சாமி வந்து, “கல்லு போட்டாச்சு மர்சலின். முகம் பாக்கலாம், அப்படி ஒரு பாலிஷ்” என்பார். முகம் பார்க்கலாம் என்று சொன்னவர் மேடை எவ்வளவு உயரம் என்று பார்க்கவில்லை. அவருடைய உயரத்துக்கு எல்லா மேடையும் ஒன்றுதான்.

கண் சரியாகி, தடை நீங்கிய அன்று சாயங்காலம் டீச்சர் புது வீட்டுக்குப் போனார். வீட்டை மந்திரித்து ஜெபம் சொல்ல ஃபாதர் வருவதற்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. ஹாலில் விரித்திருந்த பாலிதீன் தாளை மிதித்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் நுழைந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மேடைக்கு முன்னால் போய் நின்றார்.

நெஞ்சுக்கு வந்தது.

உள்ளங்கையை அந்தக் கறுப்புக் கல்லின் மேல் வைத்துப் பார்த்தார். அப்படியே மாமியார் வீட்டு மேடை. கல் மட்டும்தான் புதுசு. பவுல்சாமி பின்னாலிருந்து, “எப்படி?” என்று பெருமையாகக் கேட்டார்.

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். கோபம் வந்தால் கத்துகிற ஆள் அவர் இல்லை. பேச்சை நிறுத்திவிடுவார். பவுல்சாமிக்கு அதைவிடக் கத்தலே தேவலை.

ஆட்டோவில் திரும்பும்போது அவர் மனசில் ஒரே கணக்கு ஓடியது. ஒரு வாரம் நான் போகவில்லை. அந்த ஒரு வாரத்தில் கல் ஏறிவிட்டது. யார் உயரத்துக்கு? ரெனிட்டா உயரத்துக்கு. கணவரும் மருமகளும் மேஸ்திரியும் சேர்ந்து, கிழவிக்குத்தான் பலகை இருக்கிறதே என்று முடிவு பண்ணிவிட்டார்கள். கணக்கு ஒரு இடத்திலும் இடிக்காமல் சரியாக வந்தது. சரியாக வருகிற கணக்கெல்லாம் சரியான கணக்கு இல்லை என்பதை எத்தனையோ விடைத்தாள்களில் பார்த்தவர்தான். அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் ரெனிட்டா ஆசையாக ஓடி வந்தாள். “பார்த்தீங்களா அத்தை? கிச்சன் எப்படி இருக்கு?”

“உன் இடுப்புக்குச் சரியா வந்திருக்கும்மா” என்றார் டீச்சர். “சந்தோஷமா இரு.”

ரெனிட்டாவின் முகம் சுருங்கிப்போயிற்று. என்ன தப்பு நடந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. மாமனாரைப் பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். அன்றைக்கு இரவு படுக்கும்போது டீச்சர், “மேடை நெஞ்சுக்கு வருது” என்று மட்டும் கணவரிடம் சொன்னார்.

மறுநாள் காலையில் பவுல்சாமி கூப்பிட்டு முனிரத்தினம் வாடகை வீட்டுக்கு வந்தார். வரும்போதே குரல் ஓங்கியிருந்தது. தொழிலில் குறை சொன்னால் எந்த மேஸ்திரிக்குத்தான் பொறுக்கும்?

“இன்னா டீச்சர், மேடை தப்பா கீதுன்னு சார் சொல்றாரு? நீங்க நின்ன அளவு. நூல் பிசகாம வெச்சிருக்கேன். பாருங்க” என்று சட்டைப் பையிலிருந்து அந்தச் சிகரெட் அட்டையை எடுத்து நீட்டினார்.

“அட்டையில என்ன வேணா எழுதலாம்” என்றார் டீச்சர். “யாரு சொல்லி ஏத்துனீங்க? அதைச் சொல்லுங்க.”

“இன்னாடா இது வம்பா கீது! யாரும் சொல்லல டீச்சர். இங்கதான நின்னீங்க? கொயம்பு கெளறிக்கினு இருந்தீங்க. வாங்க, இன்னொரு தபா நில்லுங்க. அளந்தே காட்டறேன். தப்புன்னா கல்ல நானே ஒடைச்சிக்கிறேன்.”

டீச்சர் விறுவிறுவென்று சமையலறைக்குள் போனார். பின்னால் மேஸ்திரி, அவர் பின்னால் பவுல்சாமி, கடைசியில் கதவோரமாக ரெனிட்டா. “இதோ நிக்கிறேன். அளங்க” என்று முழங்கையை மடக்கிக்கொண்டு நின்றார் டீச்சர். முனிரத்தினம் டேப்பைத் தரையில் ஊன்றினார்.

“அத்தை” என்றாள் ரெனிட்டா மெதுவாக. “கால்.”

டீச்சர் குனிந்து பார்த்தார்.

பலகை மேல் நின்றுகொண்டிருந்தார்.

ஏறியது அவருக்கே தெரியவில்லை. அடுப்புக்கு முன்னால் போனால் கால் தானாக ஏறிவிடும். அளவு எடுத்த அன்றைக்கும் அப்படித்தான் ஏறியிருக்கிறது. டேப் தரையிலிருந்து அளந்தது. முழங்கை பலகை மேலிருந்து மடங்கியது. நம்பரை மட்டும் அன்றைக்குக் கேட்டிருந்தால் கணக்கு டீச்சருக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்கும்.

அடுப்பில் குக்கர் ஒரு விசில் விட்டது.

“நீங்க பாத்தீங்களா மேஸ்திரி, அன்னிக்கு?” என்றார் டீச்சர்.

முனிரத்தினம் தலையைச் சொறிந்தார். குரல் பாதியாக இறங்கிவிட்டது. “பாத்தேன் டீச்சர். பலகையும் கூடவே வரும்னு நெனச்சிக்கினேன். எல்லா எடத்துக்கும் அதையும்தான தூக்கிக்கினு வர்றீங்க. எப்பவும் நிக்கிற மாதிரி நில்லுங்கன்னு சொன்னது நான்தான? நீங்க எப்பவும் அப்டிதான நிக்கிறீங்க!”

பவுல்சாமி பலகையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “எனக்கே தெரியலயே மர்சலின்” என்றார். “வீட்டுக்குள்ள நீ கொஞ்சம் ஒசரம்னுதான் இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன்.”

அதைக் கேட்டதும் டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தார், சிரித்தார், கறுப்புக் கண்ணாடிக்குள் கண் நிறைந்து வழிகிறவரை சிரித்தார். டாக்டர் கண்ணைக் கசக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் ரெனிட்டாதான் முந்தானையால் ஒற்றிவிட்டாள். அந்தக் கையை டீச்சர் பிடித்துக்கொண்டார்.

“உன்னைத் தப்பா நெனச்சிட்டேம்மா. நீ சொல்லி ஏத்திட்டாங்கன்னு நெனச்சேன்.”

“தெரியும் அத்தை” என்றாள் ரெனிட்டா. “நேத்து ராத்திரியெல்லாம் அழுதேன்.” மறைக்காமல் சொல்லிவிட்டாள். டீச்சருக்கு அது ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் அப்படிச் சொல்லத் தெரிந்த பெண் என்று உள்ளுக்குள் ஒரு மரியாதையும் வந்தது.

இனி என்ன செய்வது? கல்லைப் பெயர்த்தால் உடைந்துவிடும். உடையாமல் எடுத்தாலும் கீழே கட்டிய சுவரையும் கடப்பாக் கல் தட்டுகளையும் இடிக்க வேண்டும். மேஸ்திரி ஒரு யோசனை சொன்னார். “அடுப்பாண்ட ஒரு படி மாதிரி கட்டி டைல்ஸ் ஒட்டிர்றேன் டீச்சர். பலகைய கல்லுலயே செஞ்சா மாதிரி.”

“அதுல தடுக்கி இவ விழுவா” என்றார் டீச்சர் ரெனிட்டாவைக் காட்டி. “வேணாம் விடுங்க. இவளுக்காவது அளவா இருக்கட்டும். எனக்குத்தான் பலகை இருக்கே.” சும்மா சொன்ன மாதிரிதான் சொன்னார். ஆனால் பலகையைப் பார்க்காமல் சொன்னார். புது வீட்டிலும் இதன் மேல்தான் நிற்கப்போகிறோம், சாகிறவரை இதன் மேல்தான் என்று நினைத்தபோது மனசு ஆறவேயில்லை. தன் வாயால் வந்த வினை, யாரை நோவது?

ரெனிட்டா புது வீட்டுச் சமையலறையை மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். “ஜன்னலோரமா ஃபிரிட்ஜ் வைக்கன்னு எடம் விட்டிருக்கோமே, அது காலியாத்தானே கிடக்கு? ஃபிரிட்ஜ் ஹாலுக்குப் போகட்டும். அங்க அத்தைக்கு ஒரு மேடை போடுங்க. அடுப்பு அங்கதான் இருக்கணும். நான் இந்தப் பக்கம் நின்னு காய் நறுக்கிக் குடுக்கறேன், சப்பாத்தி போடறேன். ரெண்டு பேருக்கும் ஒரே மேடை எதுக்கு?”

“அடுப்ப மாத்துனா அக்னி மூலை தப்பிப் போய்டும்மா” என்றார் முனிரத்தினம் கவலையாக.

“நாங்க வேதக்காரங்க மேஸ்திரி” என்றார் பவுல்சாமி.

“வேதக்காரங்க ஊட்ல மட்டும் நெருப்பு வேற மாதிரியா எரியும்?” என்று கேட்டுவிட்டு, அவரே கையைத் திருப்பித் திருப்பித் திசை பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. “ஜன்னலும் அந்த மூலைக்குள்ளதான் வருது. பொயச்சிக்கினீங்க!”

மாடிப்படிக்குப் போட்டது போக ஒரு துண்டு கிரானைட் மொட்டை மாடியில் கிடந்தது. அன்றைக்கு மதியமே எல்லாரும் புது வீட்டுக்குப் போனார்கள். ஜன்னலுக்கு முன்னால் டீச்சர் வந்து நின்றார். செருப்பு இல்லை, பலகை இல்லை. புதுத் தரை சில்லென்று உள்ளங்காலில் ஏறியது. முழங்கையை மடக்கினார். ரெனிட்டா அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், மறுபடி ஏமாறக்கூடாது என்று.

முனிரத்தினம் டேப்பை இழுத்தார். இழுத்துவிட்டு வாயைத் திறந்தார்; மூடிக்கொண்டார்.

“சொல்லுங்க மேஸ்திரி” என்றார் டீச்சர். “சத்தமா சொல்லுங்க.”

“ரெண்டேகால் அடி டீச்சர்.”

“ரெண்டேகால்” என்று டீச்சர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. வெறும் ஒரு எண். எத்தனையோ எண்களில் அதுவும் ஒன்று. “சரி, எழுதிக்கங்க.”

மந்திரிப்பு நாளில் ஃபாதர் ஒவ்வொரு அறையாக ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். அவரும் நல்ல உயரம். சமையலறைக்குள் வந்தவர் இரண்டு மேடைகளையும் பார்த்துவிட்டு, “இது யாருக்கு, பேரப்பிள்ளைங்களுக்கா?” என்று கேட்டார். “எனக்கு ஃபாதர்” என்றார் டீச்சர். ஃபாதர் தலையாட்டிவிட்டு, நன்றாகக் குனிந்து அந்தச் சின்ன மேடைக்கும் தீர்த்தம் தெளித்தார்.

பால் காய்ச்சும் நேரம். வாசல்வரைக்கும் கூட்டம். நாத்தனார் ஜசிந்தா மூட்டு வலியோடு ராயப்பேட்டையிலிருந்து வந்திருந்தாள். குனியவும் முடியாமல், எட்டிப் பார்க்கவும் முடியாமல் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தேய்ந்த பலகைதான் அவள் காலுக்குக் கீழே. மூட்டுக்கு இதமாக இருக்கட்டும் என்று ரெனிட்டா கொண்டுவந்து போட்டிருந்தாள்.

டீச்சர் அடுப்பைப் பற்றவைத்தார். தரையில் நின்றுகொண்டு பாத்திரத்துக்குள் பார்த்தார். பால் தெரிந்தது. பாத்திரத்தின் வெளிப்பக்கம் இல்லை, பால். வெள்ளையாக, வட்டமாக, ஜன்னல் வெளிச்சம் விழுந்து. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் கட்டின. நடுவில் ஆடை சுருங்கியது. இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று அவருக்குத் தெரியும், எத்தனை ஆயிரம் தடவை காய்ச்சியிருக்கிறார். ஆனால் ஒரு விசேஷத்துப் பாலைத் தன் காலில் நின்று அவர் பார்த்ததில்லை.

“பொங்கிடுச்சா மர்சலின்?” என்று பின்னாலிருந்து ஜசிந்தா கேட்டாள். “எனக்கு ஒண்ணுமே தெரியல.”

“இன்னும் இல்ல அண்ணி. இருங்க, வருது… மெதுவா வருது… நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.”

ஆடை மேலே எழும்பியது. விளிம்புக்கு வந்தது. “பொங்குது!” என்று டீச்சர்தான் முதலில் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். பால் வழிந்து புதுக் கல்லில் ஓடியது. அடுப்பை அணைக்க மறந்து அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.